சத்தம் போடாதீங்க என்று சொன்னவள்

ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக எனக்கு இருபத்தாறு வருஷம். வந்த நாளிலிருந்து ஒரே வசனம்: "அசையாம படுங்க, சத்தம் போடக் கூடாது." நோயாளியின் கையைப் பிடித்து இதைச் சொல்லாவிட்டால் எனக்கு வேலையே ஓடாது. அந்த வசனத்தால் ஒருத்தியின் கால் போக இருந்தது.

வேங்கிக்கால் பக்கம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு எண்டோஸ்கோப் முறை வந்த புதிது. முதுகைக் கிழிக்க வேண்டியதில்லை. இடுப்புக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துளை, அதன் வழியே பென்சில் தடிமனில் ஒரு குழாய், நுனியில் கேமரா. முழு மயக்கம் கிடையாது. மரத்துப்போக ஊசி மட்டும். கருவி நரம்பைத் தொட்டால் நோயாளிதான் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் நரம்பே சேதமாகிவிடும். டாக்டர் இதை எங்களுக்கு இரண்டு நாள் பாடமே எடுத்தார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

மூன்றாவது கேஸ் வசந்தா. அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறவர். இடுப்பு டிஸ்க் பிதுங்கி, வலது காலுக்குப் போகும் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது.

"செருப்பு கழண்டு வுழறதுகூடத் தெரியல சிஸ்டர். கட்டைவிரலத் தூக்க வரல. கால் போயிட்டா நான் எப்படி கழனியில எறங்குவேன்?"

"பயப்படாதீங்கம்மா, சரியாயிடும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்க தோஷம், அந்த வசனத்தையும் சொல்லித் தொலைத்தேன்.

குப்புறப் படுக்க வைத்தோம். என் இடம் அவர் தலைமாட்டில். டாக்டர் குழாயை உள்ளே நகர்த்தியபடி கேட்டார்: "அம்மா, கால்ல சுரீர்னு இழுக்குதா?"

"இல்ல சார்."

இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "இப்ப?"

"இல்ல சார்."

தற்செயலாகக் குனிந்து பார்த்தேன். தலையணை ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

"சார், நிறுத்துங்க!" என்று கத்தினேன். தியேட்டரில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

"வசந்தாம்மா, உண்மையச் சொல்லுங்க. வலிக்குதா?"

"உசுரே போவுது சிஸ்டர். நீங்கதான சத்தம் போடக் கூடாதுன்னீங்க?"

டாக்டர் குழாயைப் பின்னுக்கு இழுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, இனிமே நீங்கதான் எனக்கு வழி சொல்லணும். தாராளமா கத்துங்க."

அதன் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! "ஐயோ, அங்க வேணாம் சார்!" என்றால் குழாய் நூலளவு விலகும். "இப்ப கம்மி" என்றால் முன்னே போகும். படிப்பு டாக்டருடையது, வழி வசந்தாவுடையது. கடைசியில், பிதுங்கியிருந்த டிஸ்க் இளநீர் வழுக்கை மாதிரி ஒரு வெள்ளைத் துண்டாக வெளியே வந்தது. மானிட்டரில், அதுவரை நசுங்கிக் கிடந்த நரம்பு மெல்ல நிமிர்ந்து இதயத் துடிப்போடு சேர்ந்து துடிக்க ஆரம்பித்தது. அத்தனை வருஷ சர்வீஸில் அப்படியொன்றை நான் பார்த்ததில்லை. முதலில் பேசியது அந்த நரம்புக்குச் சொந்தக்காரிதான்.

"சிஸ்டர், அந்த இழுப்பு போயிடுச்சு!"

சாயங்காலமே எழுந்து நாலடி நடந்தார். கட்டைவிரலில் பலம் வர நாளானது. இப்போதெல்லாம் எண்டோஸ்கோப் கேஸ் என்றால், "வலிச்சா உடனே கத்துங்க" என்று மூன்று தடவை சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் உள்ளே அழைத்துப் போகிறேன்.

வசந்தாவின் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கழித்து, ஆஸ்பத்திரி வாசலில் ஒரே ரகளை. ஷேர் ஆட்டோக்காரரை ஒரு பெண் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். சத்தம் தியேட்டர் வரைக்கும் கேட்டது. எட்டிப் பார்த்தால் வசந்தா. இரண்டு காலிலும் செருப்பு, ஒன்றும் கழலவில்லை. என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்:

"சிஸ்டர், இங்க கத்தலாமில்ல?"