பூனையைப் பேச வைத்தவர்

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுமதி ஆன்ட்டியின் போன் வந்தது. அம்மா ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டாள். வைத்துவிட்டு, "உன் ஜப்பான் அங்கிள் தவறிட்டாராம்டி, ஹார்ட் அட்டாக். பாவம், குழந்தைங்களுக்கு கார்ட்டூன் போடுவாரே" என்றாள்.

நம் தமிழ்ப் பள்ளியில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறீர்கள். குழந்தைகளைச் சிரிக்க வைத்தவராம். ஹமசாக்கா அங்கிள் எடுத்த ஒரே நல்ல படத்தில் யாரும் சிரிப்பதில்லை. சிரிப்பு பிறகு ஒட்டவைத்தது. ஒட்டவைத்தவரும் அவர்தான்.

ஃப்ரீமான்டில் நாங்கள் முன்பு குடியிருந்தபோது எங்களுக்குக் கீழ்வீடு அவருடையது. ஃப்ரீவேயில் ஓட்டப் பயம் என்பதால் அப்பாதான் அவரை எங்கேயும் அழைத்துப்போவார். ஜப்பானில் முதலில் மற்றவர்களின் கார்ட்டூன் படங்களுக்கு அலையும் புகையும் வரைந்தாராம். பிறகு சொந்தமாக ஒரு படம் இயக்கினார். அதில் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி தினமும் வேலைக்குக் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்பாள். வெறுமே "போறேன்" என்று சொல்லக் கூடாதென்பது அங்கும் நம் வீடுகளைப் போலத்தான். கடைசியில் அவள் வீட்டைவிட்டே போகிறாள். வாசலில் நின்று "போறேன்" என்கிறாள்.

இங்கே அமெரிக்காவில் ஒரு கம்பெனி அதை வாங்கியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "பை"தான். அதனால் மகள் திரும்பி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொள்வதாக முடிவை மாற்றச் சொன்னார்கள். படம் முழுக்க வாயே திறக்காத பூனைக்கு ஜோக்குகள் எழுதினார்கள். மாற்றி வரைந்து கொடுக்க அவரே கலிபோர்னியாவுக்கு வந்தார். அப்படியே தங்கி, பொம்மை விற்கும் விளம்பரங்களுக்கு வரைந்தார். அவருடைய கேரியர் இவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் உப்புமா சாப்பிடும்போது ஒருநாள் அவரிடமே கேட்டேன். பேசியது ஆங்கிலத்தில், நம் பேச்சில் சொல்கிறேன்.

"ஏன் அங்கிள் ஒத்துக்கிட்டீங்க?"

"மாத்தினாத்தான் ஓடும்னாங்க."

"ஓடிச்சா?"

"இல்லை" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் உப்புமா கேட்டார்.

அசல் படம் அவரிடம் ஒரு கேசட்டில் இருந்தது. அதைத் தமிழ்ப் பள்ளியில் போட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, நான் மைக்கில் தமிழ் வசனம் சொல்ல வேண்டும். அந்தக் கோடை விடுமுறையில் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அவரும் சம்மதித்தார். கேசட்டைக் காட்டாமலே வரிவரியாக அர்த்தம் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். கடைசிக் காட்சி வந்ததும், "அவள் போறேன் என்பாள். முடிந்தது" என்றார்.

நம் பள்ளி நடக்கும் லைப்ரரி ஹாலில் அன்று நீங்களும் இருந்தீர்கள். நான் மைக்கோடு தயாராக நின்றேன். டிவியில் பூனை பேச ஆரம்பித்தது. அவர் அமெரிக்கக் கேசட்டைக் கொண்டுவந்திருந்தார். "நம்ம ஊர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மாதிரியே பேசுது சார் இந்தப் பூனை" என்று ரமணி அங்கிள் சொல்ல, எல்லோரும் கைதட்டினீர்கள். ஹமசாக்கா அங்கிள் குனிந்து வணங்கினார்.

திரும்பும்போது காரில், "குழந்தைகள் அழுதால் பெற்றோருக்குப் பிடிக்காது" என்றார். அதன்பின் நான் அவரிடம் பேசவில்லை. அதற்காக இப்போதும் வருத்தப்படவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி, சொந்தக்காரர்களுக்கு அவர் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும், எதைப் போடலாம் என்று என்னைக் கேட்டார். "அசல்" என்றேன். கடைசியில் ஒருவழியாகப் பார்த்தேன். பூனை பேசவே இல்லை. மகள் வாசலில் நின்று "போறேன்" என்றாள். முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே ஏதோ பதில் சொன்னாள். படம் முடிந்தது.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க ஆன்ட்டி?" என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

"போயிட்டு வா. தினமும் சொல்வதுதான்."

இப்படி ஒரு வரி இருப்பதாக அவர் என்னிடம் சொல்லவே இல்லை. இதை யோசிக்கத் தெரிந்த மனிதர்தான், இதை எடுத்துவிட்டு ஒரு கட்டிப்பிடிப்பை வரைந்து வைத்தார்.

கிளம்பும்போது ஆன்ட்டியிடம் ஏதோ சொல்லப் போனேன். "சாவு வீட்ல சொல்லிக்காம வரணும், வா" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அங்கிளிடம் சொல்லிக்கொள்ள எனக்கும் எதுவும் இல்லை.

பூனையை நீங்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகைக் காட்டியபடி அந்த அம்மா சொன்ன பதிலை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் வேண்டாமென்றுதானே வெட்டினார்.