நான் கடைந்த பேனாவின் மூடி

பர்மிங்ஹாம் அஞ்சலகத்தில் ஒரு வெள்ளைக்காரர் பேனா கேட்டார். கொடுத்துவிட்டு, வழக்கம்போல மூடியை நான் வைத்துக்கொண்டேன். எழுதி முடித்தவர் என் கையைப் பார்த்து, நான் திருடிவிடுவேன் என்று நினைத்தீர்களா என்றார். முகம் சிரித்தது, குரல் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பேனா இரவல் கொடுக்கிற எல்லாரும் செய்வதுதான் என்று விளக்கினேன். அது அவருடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியிருக்கும். இங்கே வந்து இருபது வருடமாகியும் என் விரல்கள் சொந்த ஊரான பிள்ளைப்பாக்கத்தை விட்டபாடில்லை.

ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு மரத்தில் பேனா கடைகிற பைத்தியம் பிடித்தது. பகலெல்லாம் தொழிற்சாலையில் இரும்பு கடைகிற மனுஷனுக்கு வீட்டுக்கு வந்தும் லேத்தா என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். இரும்பு சொன்னபடி கேட்கும். மரத்தில் எங்கே கணு ஒளிந்திருக்கிறது என்பது உளி படும்வரை தெரியாது. அதைப் பார்க்கிற ஆசையில்தான் நின்றேன். பக்கத்து வீட்டில் வெட்டிப்போட்ட பேரிக்காய் மரக்கிளையில் நான்கு பேனா பிளந்துபோயின, ஐந்தாவது தேறியது. பழைய பேனா ஒன்றின் நிப்பைப் பொருத்திப் பிள்ளையார் சுழி போட்டேன். மை இறங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

1991இல் விடுப்பில் ஊருக்குப் போனபோது அதை அக்காவுக்குக் கொண்டுபோனேன். நிலம் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். படிக்காமல் எதிலும் கைநாட்டு வைக்கமாட்டேன் என்று, அறுபதை நெருங்கும் வயதில் அக்கா முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்திருந்தாள். பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னாடா, பூரிக்கட்டை கணக்கா கீது" என்றாள். பெயர் எழுதிக் காட்டச் சொன்னேன். அப்புறம் பார்க்கலாம் என்று மடியில் செருகிக்கொண்டாள். சீமைப் பேனா என்று பெட்டியில் பூட்டிவிடுவாளோ என்று எனக்குப் பயம். எழுதாத பேனா வெறும் குச்சிதானே.

கிளம்புகிற அன்று ஸ்ரீபெரும்புதூர் பஸ் வரும் நேரத்தில் அக்கா மூடியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள்.

"எரவலாத்தான் வாங்கிக்கினேன். மூடிய நீ வச்சிக்க. பேனாவக் கேட்டு வருவ இல்ல?"

மூடியில்லாவிட்டால் மை காய்ந்துவிடும் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. விமானத்தில் அழுகையை அடக்க முடியவில்லை. வந்ததும், வேறு மூடி கடைந்து அனுப்பட்டுமா என்று கடிதம் போட்டேன்.

அதுவரை அக்காவின் கடிதங்கள் அவள் மகளின் கையெழுத்தில்தான் வரும். இந்த முறை கோணல்மாணலான பெரிய எழுத்தில் ஒரே வரி வந்தது: "மூடி வேணாம். தெனம் எழுதறேன், காயல."

அந்த மூடி இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அதன் பேனா பிள்ளைப்பாக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது.