தையல் மிசின் வகுப்பு நடத்திய மலர் அக்கா

தந்தி வந்தபோது நான் பாலத்தின் மூன்றாவது தூணுக்குக் கொங்கிறீட் போட்டுக்கொண்டிருந்தேன். ஞானமலர் காலமானார், நாளை பின்னேரம் அடக்கம் என்று இரண்டே வரி. உடனே புறப்படத்தான் நினைத்தேன். ஆனாலும் வேலையைப் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. பாதியில் நின்ற தூண் பிறகு அந்த இடத்திலேயே வெடிக்கும். அப்படி விட்டுவிட்டு வந்தேன் என்று அறிந்தால் மலர் அக்கா பெட்டிக்குள்ளிருந்து எழும்பி ஏசியிருப்பார். தூணை நிறைத்த பிறகுதான் திருகோணமலைக்குப் பஸ் ஏறினேன்.

ஞானமலர் அந்தோனிப்பிள்ளை அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாலையூற்றில் பிறந்தவர். துறைமுகப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகள். வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன காலத்தில், பொறியியலாளர் வரையும் படங்களை மையால் பிரதி எடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. வேலைக்குப் போன புதிதில், "நானும் பொறியியல் படிக்க ஏலுமோ, சேர்?" என்று மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். "அதுக்கு உடுப்பெல்லாம் அழுக்காகும், பிள்ளை" என்று அவர் சிரித்தாராம்.

இதை எங்களுக்குச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் கசப்பே இராது. "அண்டைக்குப் பின்னேரம் கிணத்தடியில உடுப்புத் தோய்ச்சனான். அழுக்குப் போச்சுது. இவ்வளவுதானே பிரச்சினை எண்டு அப்பதான் விளங்கினது."

அவருக்குப் படிக்க வழி கிடைக்கவில்லை. ஆனால் பாலையூற்று வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு கழகம் தொடங்கினார். "தையல் மிசின் வகுப்பு" என்று வாசலில் எழுதிப் போட்டார். குறிஞ்சாக்கேணியிலிருந்து என்னை என் வாப்பா தோணியேற்றி அனுப்பியது அந்தப் பெயரை நம்பித்தான். முதல்நாள் போனபோது ஊசியும் இல்லை, நூலும் இல்லை. ஒரு பழைய தையல் மிசினை அக்கா எங்கள் முன் வைத்து, "கழட்டுங்கோ. கழட்டின ஒழுங்கை எழுதி வையுங்கோ. பிறகு பூட்டுங்கோ" என்றார். நாங்கள் பூட்டி முடித்தபோது மூன்று திருகாணிகள் மிஞ்சியிருந்தன. திரும்பவும் கழற்றினோம்.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று இரண்டு வருடம் வீட்டில் நான் சொல்லவில்லை. அதற்கடுத்த நெற்போகத்தில்தான் எல்லாம் வெளிவந்தது. எங்கள் வயலில் நெல், கதிர் வெளிவரும் தறுவாயில் குடலையாக நின்றது. நீரிறைக்கும் மிசின் கொஞ்சம் தண்ணீர் தரும், பிறகு நின்றுவிடும். டவுன் மெக்கானிக் இரண்டு தரம் கழற்றிப் பார்த்துவிட்டு, பட்டறையில் இரண்டு கிழமை விடவேண்டும் என்றார். அதற்குள் பயிர் பதராகிவிடும். அக்காவிடம் சொன்னேன். அடுத்த நாளே கழகத்துப் பிள்ளைகள் மூவருடன் வயலுக்கு வந்து இறங்கினார்.

என் கையில் ஸ்பனரைக் கண்ட வாப்பா அதிர்ந்து போனார். "என்ன புள்ள இது? தையல் பழகத்தானே உன்ன அனுப்பினன்?"

அக்கா முன்னுக்கு வந்தார். "நான் பொய் சொல்லேல்லை, ஐயா. தையல் மிசின் வகுப்பெண்டுதான் எழுதினனான். தைக்கப் பழக்குவன் எண்டு எழுதேல்லை."

வரம்பில் சனம் கூடிவிட்டது. நாங்கள் பதற்றத்தில் மெக்கானிக் கழற்றியதையே திரும்பவும் கழற்றினோம். பலனில்லை. "குசினிக்குப் போங்க புள்ளயள்!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்றையும் தொடவில்லை.

"மிசின் ஓடுதோ?"

"ஓம், அக்கா."

"தண்ணி?"

"முதல் வருது. பிறகு நிக்குது."

"அப்ப ஓடுறதை ஏன் கழட்டுறியள்?"

வந்த மூவரில் ஒருத்தியான சம்பூர் சரோஜா சட்டென்று என்னைப் பார்த்தாள். பிழை மிசினில் இல்லை; தண்ணீரை உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது! வீட்டுக்கு ஓடிச் சவர்க்காரம் கொண்டுவந்தேன். மிசினை ஓடவிட்டு, குழாயின் மூட்டுகளில் எல்லாம் நுரை பூசினோம். இரண்டாவது மூட்டில் நுரை உள்ளே இழுபட்டு மறைந்தது. பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி அந்த இடத்தை இறுக்கிச் சுற்றினோம். பிறகு சரோஜா மிசினை முடுக்கினாள். தண்ணீர் பாய்ந்தது. நிற்காமல் பாய்ந்தது. சிரித்தவர்களே கை தட்டினார்கள்.

வாப்பா வாய்க்காலில் கையை வைத்தபடி வெகுநேரம் குந்தியிருந்தார். பிறகு, "டீச்சர், வாற சனிக்கும் புள்ளய அனுப்புறன்" என்றார்.

"நான் டீச்சர் இல்லை, ஐயா. படம் வரையிறனான்" என்று சிரித்தார் அக்கா.

சரோஜாவின் பள்ளிக்கூடத்திலும் என் பள்ளிக்கூடத்திலும் உயர்தரக் கணிதம் இல்லை. எங்களைச் சேர்க்கச் சொல்லி ஆண்கள் பாடசாலை அதிபரிடம் அக்காவே போனார். இடமில்லை என்றார் அவர். "பின்வரிசையில ரெண்டு கதிரை போதும், சேர். இல்லையெண்டால் நான் கொண்டுவாறன்" என்றவர், மறுநாள் காலை உண்மையிலேயே இரண்டு கதிரைகளுடன் வாசலில் போய் நின்றார். அதில் அமர்ந்து படித்த சரோஜாவும் நானும் ஒரே வருடத்தில் பொறியியல் பீடத்துக்கு எடுபட்டோம்.

படித்து முடித்து, அக்காவின் கந்தோருக்கே பொறியியலாளராகப் போனாள் சரோஜா. முதல்நாள் அவள் உள்ளே வந்ததும் அக்கா எழுந்து நின்று, தான் பிரதி எடுத்த ஒரு படத்தைக் கையெழுத்துக்கு நீட்டினாராம். சரோஜா அழுதுவிட்டாள். "அழாதேங்கோ, மிஸ். கண்ணீர் விழுந்தால் மை கரைஞ்சிடும். பிறகு நான்தான் திரும்பக் கீறவேணும்" என்று சொன்ன அக்காவின் கண்ணும் நனைந்துதான் இருந்ததாம்.

அடக்கத்தன்று கழகத்துப் பிள்ளைகள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தோம். மூதூரில் சொந்தமாகப் பம்ப் திருத்தும் கடை வைத்திருப்பவள், வேலையிடத்திலிருந்து எண்ணெய்க் கையோடு வந்தவள், கைக்குழந்தையோடு வந்தவள். பெட்டி தூக்க ஆண்கள் முன்வந்தபோது சரோஜா, "நாங்கள் தூக்குவம்" என்றாள். பெண்கள் தூக்குவதில்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அக்காவின் தம்பி ஒரு கணம் யோசித்தார். "அக்காவுக்கு விருப்பமாத்தான் இருக்கும். தூக்குங்கோ, பிள்ளையள்" என்று விலகி வழிவிட்டார்.

உயரம் பார்த்துச் சோடி சேர்ந்தோம். ஆறு பேர் தோள்கொடுத்தோம். கோயில் வாசலிலிருந்து கல்லறை வரை ஓரிடத்திலும் இறக்கவில்லை, தோள் மாற்றவும் இல்லை. வீதியோரத்தில் தாய்மார் தங்கள் பெண்பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். மலர் அக்கா, ஒரு பக்கமும் சரியாமல் உங்களைக் கொண்டுவந்து சேர்த்தோம். நிம்மதியாகப் போய் வாருங்கள்.