சிலுவை ஓடிய ஐந்து நிமிடம் நாற்பத்தொரு விநாடி

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. திசையன்விளையில் கயிற்றுக்கடையில் கூலிக்கு நின்றவன், அதே தெருவில் மூன்று மாடி கட்டி, கீழே சொந்தக் கயிற்றுக்கடை வைத்தேன். ஒருத்தனும் கை கொடுக்கவில்லை. ஓட்டமும் அப்படித்தான். சர்க்கரை என்று டாக்டர் சொன்ன மறுநாளே ஓட ஆரம்பித்தேன். அறுபது வயதில், எங்கள் மூத்தோர் தடகளச் சங்கத்தில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. செந்தூர்பாண்டி யார் என்று பாளையங்கோட்டை மைதானத்தில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்ட என்னை ஒருத்தன் ஜெயித்தான். உவரி சிலுவை.

கட்டுமரத்துக்குக் கயிறு வாங்க வருவான். கல்லாவுக்கு மேலே என் மெடல்களை வரிசையாக மாட்டியிருப்பேன். ஒரு நாள் அண்ணாந்து பார்த்தான்.

"இதெல்லாம் என்ன அண்ணாச்சி, நேந்துக்கிட்டுப் போட்டதா?"

"ஓடி வாங்கினது வே. ஆயிரத்தைந்நூறு மீட்டர்."

"யாரு வெரட்டுனா?"

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "வாய் பேசாதயும். வந்து ஓடிப் பாரும்" என்றேன்.

வந்தான். இரண்டு பேருக்கும் அறுபத்தாறு வயது. நான் சென்னையிலிருந்து வரவழைத்த ஷூ; அவன் வெறுங்கால், மருமகனின் அரைக்கால்சட்டை. மூன்று சுற்று என் பின்னாலேயே வந்தான். மூச்சுச் சத்தமே கேட்கவில்லை. கடைசி வளைவில் என்னைத் தாண்டும்போது திரும்பி, "பைய வாரும் அண்ணாச்சி, நான் அங்கன நிக்கேன்" என்றான். நின்றான். ஐந்து நிமிடம் நாற்பத்தொரு விநாடி. நான் ஐந்து ஐம்பத்திரண்டு. அறுபத்தைந்து வயதுப் பிரிவில் சங்கத்தின் சாதனை அன்றைக்கு அவன் பேருக்குப் போயிற்று. அதற்குப் பிறகு நான்கு வருஷம் ஓடினோம், நான்கு வருஷமும் அவன் முதுகைத்தான் பார்த்தேன்.

சான்றிதழை வீட்டுக்குக் கொண்டுபோகவே மாட்டான். "சங்கத்துலயே கெடக்கட்டும், கடக்காத்துல கருவாடாப் போயிரும்" என்பான். வண்ணார்பேட்டையில் சங்கத்து அறையில், பதிவேடுகளோடு அதுவும் கிடந்தது. இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம் ஈஸ்டர் முடிந்து சிலுவை மாரடைப்பில் போனான். டிசம்பரில் தாமிரபரணி அந்த அறைக்குள் புகுந்து எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று. அவன் ஓடியதற்குச் சாட்சி என்று மிஞ்சியது சங்கத்தின் வெப்சைட்டில் ஒரு வரி, ஒரு போட்டோ. அவன் பெஞ்சாதி லூசி மீன் விற்கப் போகிற ஊரிலெல்லாம் செல்போனில் அதைத் திறந்து காட்டுவாள். "எங்க ஆளு" என்பாள், அவ்வளவுதான்.

போன வருஷம் வெப்சைட்டைப் புதுசாக மாற்றுவதற்குக் கூட்டம் போட்டார்கள். செயலாளர் ஜம்பு சார், காலேஜ் வாத்தியாராக இருந்தவர், ஆங்கிலத்தில் என்னென்னவோ சொன்னார். நான் எழுந்து மேஜையைத் தட்டினேன். "சந்தா புதுப்பிக்காதவன் பேரைப் பூராத் தூக்கிரணும் சார்வாள். சும்மா இருக்கவனுக்கு எதுக்கு எடம்?" கை தட்டினார்கள். தீர்மானமே ஆகிவிட்டது. நான் சொன்னது வீட்டில் படுத்துக்கிடக்கிற சோம்பேறிகளை. கல்லறையில் படுத்திருக்கிறவன் நினைவு எனக்கு வரவில்லை.

திறப்பு விழாவில் பெரிய திரை. சாதனைப் பட்டியல் வந்தது. ஆயிரத்தைந்நூறு மீட்டர், அறுபத்தைந்து வயதுப் பிரிவு, முதலிடம்: செந்தூர்பாண்டி. ஐந்து ஐம்பத்திரண்டு. எனக்குச் சால்வை போட்டார்கள். சால்வையோடு ஜம்பு சாரிடம் போனேன்.

"சிலுவை எங்க சார்வாள்?"

"புதுப்பிக்காதவா பேரை சிஸ்டமே விட்டுடும், அண்ணாச்சி. நீங்க கொண்டுவந்த தீர்மானம்தானே?"

"அப்ப என் பேரையும் எடுத்துரும்."

"எடுத்தா அடுத்தது சீவலப்பேரி பூதத்தான் மேல வருவார். ஆறு நிமிஷம் இருபது. பரவால்லையா?"

"சிலுவைய எப்படித்தான் திரும்பக் கொண்டாரது?"

"உறுப்பினரைப் புதுப்பிச்சா தானா வந்துடும்."

மறுநாள் சிலுவை பேரைப் புதுப்பிக்க லூசியைக் கடைக்கு வரச் சொன்னேன். புருஷன் செல்போனுக்கு இன்னும் ரீசார்ஜ் பண்ணி வைத்திருக்கிறாள். அதில் ஓ.டி.பி. நம்பர் வந்தது, போட்டோம். பேர், ஊர், பிறந்த தேதி எல்லாம் சரியாகப் போயிற்று. கடைசியில் ஒரு கட்டம். 'நான் நல்ல உடல்நலத்துடன் இருக்கிறேன்.' அதில் டிக் அடித்தால்தான் உள்ளே விடும்.

"அமுக்கு லூசி. சும்மா ஒரு பேச்சுக்குத்தான்."

அவள் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். விரலை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. முந்தாநாத்துதான் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி கொளுத்திட்டு வந்தேன். அதே கையால நல்லா இருக்காருன்னு எப்படி அமுக்குவேன்?"

"நான் அமுக்குதேன், கொண்டா."

"அவரு பொய்யா ஓடல அண்ணாச்சி."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். சந்தையில் எத்தனை பேரை மடக்கியவன் நான். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மீன் பாத்திரத்தைத் தூக்கினாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"அவரு இருந்த எடத்துல இப்ப யாரு பேரு போட்டிருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். பூதத்தான் என்று சொல்லியிருக்கலாம்.

"எம் பேருதான்."

கல்லாவுக்கு மேலே தொங்கிய மெடல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"முந்திட்டியளே, அண்ணாச்சி."