நாச்சிமுத்து சாரின் நொண்டி என்ஜின்

"சார், கேட்டு உள்பக்கமாப் பூட்டியிருக்குதுங்க. என்ஜின் சத்தம் நின்னுபோச்சு. வீட்டம்மா மட்டும் அழுதுக்கிட்டு இருக்கறாங்க."

போன மாதம் ஒரு பிற்பகலில், நாச்சிமுத்து சாரின் எதிர்வீட்டுத் தறிக்காரர் குமார் போனில் சொன்னது இவ்வளவுதான். ராசிபுரத்தில் எங்கள் வீடும் நாச்சிமுத்து சார் வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். நான் போய்ச் சேர்வதற்குள் குமார் சுவரேறிக் குதித்திருந்தார். பட்டறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே சாரின் உயிர் போயிருந்தது. கேட்டுச் சாவி எப்போதும்போல அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை வரலாற்று ஆசிரியராகத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு கார் ஷெட்டைப் பட்டறையாக்கி, உள்ளங்கை அளவில் ஓடும் என்ஜின்கள் செய்தது சிலருக்குத்தான் தெரியும். நீராவியில் ஓடுவது ஒன்று, விளக்குச் சூட்டில் ஓடுவது ஒன்று. "வரலாறு படிச்சவனுக்கு வால்வு எதுக்குன்னு கேக்கறாங்க. நான் பாடம் நடத்துன ராஜாவெல்லாம் செத்துப் போயிட்டாங்க சார். இது ஓடுது பாருங்க" என்பார்.

அந்தக் கேட்டு ஏன் உள்பக்கம் பூட்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அவருடைய மனைவி சரசம்மாவுக்கு மறதி நோய். முதலில் சாமான் பெயர்கள் மறந்தன, பிறகு மனிதர்கள், கடைசியில் கணவரும். கேட்டு திறந்திருந்தால் தன் அப்பாவின் தோட்டத்துக்கு என்று சொல்லி நடக்கத் தொடங்கிவிடுவார். ஒருமுறை ஆண்டகளூர் கேட் என்ற பக்கத்து ஊர் வரை நடந்தே போய்விட்டார். அன்றிலிருந்து பூட்டு. பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நிற்கும் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எழுதி முடித்ததும் போய்விடுவார்கள்; மேற்பார்வையாளர் மணி அடிக்கும்வரை நகர முடியாது. சாருக்கு அந்த மணி அடிக்கவே இல்லை.

பித்தளைக் கம்பி வாங்க ஒருநாள் அவரைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டு நான் காவல் இருந்தேன். சரசம்மா என்னை யாரோ அந்நியன் என்று பயந்து கேட்டைப் பிடித்து உலுக்கி, "என்னய அடைச்சு வெச்சிருக்கறாங்க" என்று தெருவே கேட்கக் கூவினார். நான் போன் செய்தபோது சார் வழியில் மல்லூரைத்தான் தாண்டியிருந்தார். இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். "உடுங்க சார். எனக்கு ஊரு இந்தக் கேட்டோட முடிஞ்சுது" என்றார். அதன்பிறகு சாமான் வாங்கித் தருவது என் வேலையானது. ஒருமுறை தவறான கனத்தில் கம்பி வாங்கிக் கொடுத்துவிட்டேன். "நீங்க கணக்கு வாத்தியாருன்னு வெளிய சொல்லிக்காதீங்க" என்று சிரித்தார்.

சரசம்மாவின் அப்பா தோட்டத்துக் கிணற்றில் ஒரு பழைய ஆயில் என்ஜின் இருந்தது. ஹேண்டிலைச் சுற்றி அதை ஓட வைக்க அந்த வீட்டில் சரசம்மாவால்தான் முடியும். சார் பெண் பார்க்கப் போனபோது காபி கொண்டுவர வேண்டிய பெண் கையெல்லாம் கிரீஸோடு கிணற்றடியிலிருந்து வந்தாராம். "அந்த என்ஜினை மறுபடி ஓட்டிக் காட்டுனா என்னைய ஒருக்கா அடையாளம் தெரியாதுங்களா சார்?" என்று சார் என்னிடம் கேட்டார்.

அதே என்ஜினைச் சிறியதாக, சாப்பாட்டுத் தட்டு அகலச் சக்கரத்தோடு செய்ய ஆரம்பித்தார். வெளித்தோற்றம்தான் டீசல் என்ஜின், உள்ளே பெட்ரோல். உலோகம் கடையும் லேத்துச் சத்தம் சரசம்மாவுக்கு ஆகாது. அவர் மதியம் அசந்து தூங்கும் நேரத்தில் மட்டும் லேத்து, மற்ற நேரமெல்லாம் அரம். ஷெட்டுக்கு வலைக்கதவு போட்டு, சரசம்மாவின் கட்டிலைப் பார்த்தபடியே சார் ராவிக்கொண்டிருப்பார். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஓட்டிக் காட்டிய அன்று நானும் இருந்தேன். கைக்கடிகாரம் போலச் சீராக ஓடியது. சரசம்மா எட்டிப் பார்த்து, "ஆருது இந்த மோட்டாரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "தப்புப் பண்ணிப்போட்டேன் சார். மாமனார் என்ஜின் இப்படி ஒழுங்கா என்னைக்கு ஓடுச்சு? நாலு அடி அடிச்சா ஒரு அடி தவறும். ஊர்ல நொண்டி என்ஜின்னுதானே பேரு!"

அத்தனை நாள் பாடுபட்டுச் சரியாகச் செய்ததை, பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து கெடுத்தார். நான் இருந்தபோதே மறுபடி ஓட்டினார். என்ஜின் டக், டக், டக், டக் என்று அடித்து ஒரு மூச்சு விட்டு மறுபடி அடித்தது. சரசம்மா வேகமாக வெளியே வந்தார். முகமே வேறாக இருந்தது. சாரைப் பார்த்து, "ஏனப்பா, வாயப் பாத்துக்கிட்டு நிக்கற? போயி மடையத் திருப்பி உடு!" என்றார்.

சார் மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்த் திரும்பினார். "திருப்பிட்டனுங்க."

"கால்ல சேறில்லாம எந்த மடையத் திருப்புன?"

சார் மறுபடி போய், தென்னை மரத்துப் பாத்தியில் இறங்கிச் சேற்றுக் காலோடு வந்தார். அதன்பிறகுதான் அம்மா சமாதானமானார். சார் என் பக்கம் திரும்பி, "கட்டுன நாள்ல இருந்து வேலை சொல்லிக்கிட்டுத்தான் இருக்கறா. இன்னைக்குத்தான் பண்ணையத்து ஆளாவே சேத்துக்கிட்டா" என்றார். சிரித்தார்தான். ஆனால் மண்வெட்டியை வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

அந்த என்ஜின் அவருக்கு இன்னொரு பூட்டானது. தினமும் மதியம் ஓட்டியாக வேண்டும். பாதியில் நின்றால் பயிர் காய்ந்துவிடும் என்று அம்மா அழுவார். சார் சேற்றுக் காலோடு வந்து, "கடைசிப் பாத்தியும் பாஞ்சிருச்சுங்க" என்று சொன்னால்தான் நிறுத்த விடுவார். "ஏன் சார் இந்தப் பாடு?" என்று கேட்டேன். "என்னைய மறந்துட்டா சரி. கொடுத்த வேலையச் செய்யாதவன்னு நெனைச்சுக்கக் கூடாதில்லீங்களா?" என்றார்.

காரியம் முடிந்ததும் ஓசூரில் இருக்கும் மகள் கவிதா அம்மாவைக் கூட்டிப்போகக் கார் கொண்டுவந்தாள். கேட்டு அகலத் திறந்து கிடந்தது. இத்தனை வருடம் அதை உலுக்கியவர் இப்போது கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார். "தண்ணி பாஞ்சுக்கிட்டு இருக்குது, உட்டுப்போட்டு எப்படி வாரது?" கவிதா கெஞ்சினாள், அதட்டினாள், அழுதாள்.

நான் செருப்பைக் கழற்றினேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், குழாயைத் திறந்து, தென்னம்பாத்தி ஊறியதும் இரண்டு காலையும் இறக்கினேன். திரும்பி வந்து அவர் முன்னால் நின்றேன்.

"கடைசிப் பாத்தியும் பாஞ்சிருச்சுங்கம்மா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். கம்பியை விட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

என்ஜினைக் கவிதா துணியில் சுற்றி மடியில் வைத்து எடுத்துப்போனாள். என்னிடம் இருப்பது அந்தக் கேட்டுச் சாவி, கூடவே வீட்டுச் சாவி. மாலையில் போய்த் தென்னைக்குத் தண்ணீர் விடுகிறேன். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வருகிறேன். கேட்டை மட்டும் வெறுமனே சாத்திவிட்டு வந்துவிடுகிறேன்.