வடக்குக் கூரை

வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் சோலார் தகடுகளை எங்கள் வீட்டுக் கூரையில் பூட்ட வந்த வேலைக்கார பாஸ், "தெற்குப் பக்கம் வைப்பம் ஐயா, அங்கதான் வருசம் முழுக்க வெயில்" என்றார். தெற்கே பின்வளவு, பார்க்க ஆளில்லை. வடக்கே கோயில் ரோடு. பூசைக்குப் போகிற சனம் பார்க்க வேண்டாமா? "வீடு என்ட, கூரையும் என்ட" என்று சத்தம் போட்டு வடக்கிலேயே பூட்டுவித்தேன்.

மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்தது. குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு உம்மா வாளியோடு வந்தார். அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள்.

"புள்ளப் பெத்தவளுக்கு ஊத்தச் சுடுதண்ணி கொஞ்சம் தருவீங்களா தம்பி?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவரை முன்னால் இருத்திவிட்டு, பின்னால் மனைவியைக் கொண்டு அடுப்பை மூட்டி, தண்ணீர் சுடவைத்து, குழாயில் பிடித்தவன் போலக் கொண்டுவந்து கொடுத்தேன். வாளியில் சாம்பல் துணுக்கு ஒன்று மிதந்தது. அவர் அதை விரலால் எடுத்துச் சுண்டிவிட்டு, "நல்ல சூடா இரிக்கி, அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

மறுநாள் ஒரு சாக்கு நிறையத் தேங்காய்ச் சிரட்டை கொண்டுவந்தார்.

"எரிக்க வெச்சிக்கோங்க தம்பி."

கூரைப் பக்கம் அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.