ஐந்து மணிக்குள் ஒரு முத்திரை

அரியலூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மழைநாள் சாயங்காலம், செந்துறை பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன். ரோட்டில் தண்ணீர் நின்றது. சாக்கடை அள்ளியவர்கள் மேலே மூடியிருந்த கல்லை எடுத்துவிட்டு, திரும்ப வைக்காமல் போயிருந்தார்கள். தண்ணீரில் குழி தெரியவில்லை. இடது கால் உள்ளே போனது. முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு.

எலும்பு கோணலாகக் கூடியது. தோளில் மூட்டை ஏறினால் கால் மடங்கியது. மேஸ்திரி, வேலை இல்லை என்று சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்காரி கல் உடைக்கப் போனாள்.

குழியை மூடாதது நகராட்சி. அதனால் நகராட்சி ஆபீசில் நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்தேன். தபால் வாங்கும் கிளார்க் தேதியோடு முத்திரை குத்தி நகலைத் திருப்பித் தந்தார். கேஸ் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பதில் வராதபோதெல்லாம் இன்னொரு மனு கொடுத்தேன். அப்படி ஒன்பது சேர்ந்தது.

டீக்கடையில் ஒருவர் சொல்லித்தான் வக்கீலம்மாவிடம் போனேன். அவர் ஒன்பதையும் புரட்டினார்.

"இது மனுங்க. கேஸ் இல்ல."

"சீல் போட்டிருக்காங்களே."

"கல்யாணப் பத்திரிகை குடுத்தாலும் போடுவாங்க. என்னைக்கு விழுந்தீங்க?"

சொன்னேன். காலண்டரைப் பார்த்தார்.

"நகராட்சி மேல நஷ்டஈட்டுக் கேஸ் போட, விழுந்த நாள்லேர்ந்து ஆறு மாசந்தாங்க கெடு. அதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுத்து ரெண்டு மாசம் காத்திருக்கணும். அந்த ரெண்டு மாசத்தைக் கெடுக் கணக்குல சேக்க மாட்டாங்க. ஆனா நோட்டீஸ் ஆறு மாசத்துக்குள்ள அங்க போயிருக்கணும். நாளையோட முடியுது. நாளைக்கு ஆபீஸ் லீவு."

"தபால்ல போட்டா?"

"போய்ச் சேராது. இன்னைக்கே அஞ்சு மணிக்குள்ள கையில குடுத்துடுங்க. வக்கீல் நோட்டீஸ்னு தெரிஞ்சா ஆபீசர் இல்ல, அப்புறம் வாங்கன்னுவாங்க. சீல் இல்லாம வெளிய வந்துடாதீங்க. எனக்கு இப்ப கோர்ட்ல கேஸ் இருக்கு, வர முடியாது."

அப்போது மணி மூன்றரை. அவர் எழுதித் தந்ததை டைப் அடித்து, கோர்ட் வாசலில் அவரிடம் கையெழுத்து வாங்க நாலரை ஆகிவிட்டது. அக்குளில் கட்டையை ஊன்றி நடந்தேன். சாதாரண ஆளுக்குப் பத்து நிமிட நடை. நான் போய்ச் சேர்ந்தபோது கிளார்க் மேசை டிராயரைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மனுக்காரரே. போன வாரம் காணோமே. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பாத்தேன்."

நோட்டீசையும் நகலையும் நீட்டினேன்.

"உக்காருங்களேன். தண்ணி குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மனு என்று பொய் சொல்லவில்லை. நோட்டீஸ் என்று சொல்லவும் இல்லை. டிராயரைத் திறந்தார். முத்திரையை மையில் ஒற்றினார். என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு காகிதத்திலும் குத்தினார். தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டார். நகலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

வாசல் பதினைந்து அடி இருக்கும். கட்டையை எடுத்து வைக்க எடுத்து வைக்க அது தள்ளிப் போவதுபோல இருந்தது. பின்னால் காகிதம் புரளும் சத்தம்.

"ஏங்க, நில்லுங்க. இது வக்கீல் நோட்டீஸ்ல? அந்தக் காப்பியக் குடுங்க."

நின்றேன். கொடுக்கவில்லை.

"நீங்கதான சார் சீல் போட்டீங்க."

"பாக்காம போட்டுட்டேன்யா."

"ஒம்பது தடவையும் பாக்காமத்தான் போட்டீங்க."

அவர் எழுந்து வந்திருக்கலாம். நான் ஓட முடியாதவன். கையை நீட்டினால் சட்டையைப் பிடித்துவிடலாம். அவர் என் காலைப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்து, தபால் நோட்டில் என் பெயரை எழுதினார்.

இரண்டு மாதம் முடிந்ததும் கேஸ் போட்டோம். கூப்பிட்ட முதல் நாளே நகராட்சி வக்கீல், கெடு முடிந்துவிட்டது, தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார். வக்கீலம்மா நகலை நீட்டினார். நீதிபதி முத்திரையையும் தேதியையும் பார்த்து, நோட்டீஸ் கெடுவுக்குள்தான் வந்திருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, குழி எவ்வளவு ஆழம் என்று கேட்டார்.

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. இடுப்பு வரைக்கும் என்று கையை வைத்துக் காட்டினேன்.